வண்டி நுழையாத தெரு

ஒரு வாட்டர் டெண்டரில் 4,500 லிட்டர் தண்ணீர் இருக்கும். கேட்பதற்கு நிறையத்தான் இருக்கிறது. ஆனால் 20 மி.மீ. நாசில் மாட்டிய ஒரே ஒரு பிராஞ்சை, அதாவது ஓஸ் முனையில் தண்ணீர் பீய்ச்சும் குழாயைத் திறந்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 450 லிட்டர் போய்விடும். பத்து நிமிடத்தில் டேங்க் காலி. இரண்டு லைன் போட்டால் ஐந்தே நிமிடம். சிவப்பு வண்டி வந்து நின்றதும் ‘அப்பாடா, வந்துட்டாங்க’ என்று சொல்கிற ஜனங்களுக்கு இந்தக் கணக்கு தெரியாது. வண்டியிலிருந்து குதிக்கிற எங்களுக்கோ அதைத் தவிர வேறு நினைப்பு இருக்காது. இந்தத் தண்ணீர் தீர்வதற்குள் அடுத்த தண்ணீர் எங்கிருந்து வரும்?

நான் சென்னையில் தீயணைப்போராகச் சேர்ந்து, முன்னணித் தீயணைப்போராகி, நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன். வேலை பார்த்ததில் பெரும்பகுதி வடசென்னை. எங்கள் நிலையத்துக் கருவிகள் ஒவ்வொன்றாக மாறியதைக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். ஓஸ் மாறியது, ஏணி மாறியது, மூச்சு விடுகிற விதமே மாறியது. மாறாத ஒன்றும் உண்டு. எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கருவியானாலும், எரிகிற இடத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அது நிலையத்தில் நிற்கிற இரும்புதான்.

சென்னை நகரத்துக்கென்று தீயணைப்புப் படை அமைந்தது 1908-இல். அப்போதெல்லாம் உலகம் முழுக்கவே இந்தத் தொழில் ஒரு மாறுதலில் இருந்தது. கையால் அடிக்கிற பம்பும், குதிரை இழுக்கிற நீராவி பம்பும் போய் மோட்டார் வண்டி வந்துகொண்டிருந்த காலம். லண்டன் மெரிவெதர், ஷாண்ட் மேசன் கம்பெனிகள் நீராவி பம்பு செய்து பேர் வாங்கியவை. கொதிகலனைப் பற்றவைத்து, நீராவி ஏறி, அதன் பிறகுதான் பம்ப் ஓடும். அதனால் வண்டி தெருவில் ஓடும்போதே அடுப்பை மூட்டிவிடுவார்கள். தீயை அணைக்கத் தீ மூட்டிக்கொண்டு போன காலம் அது.

படை ஆரம்பித்து ஆறு வருடத்தில் பெரிய சோதனை வந்தது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் கரைக்கு வெளியே நின்று சுட்டதில், துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டேங்குகள் பற்றிக்கொண்டன. எம்டன் கதை ஊருக்கே தெரியும். எங்களுக்கு அதில் வேறொரு பாடம் இருக்கிறது. எரிகிற எண்ணெயில் வெறும் தண்ணீரை அடித்தால் எண்ணெய் மேலே வந்துவிடும், தண்ணீர் அடியில் போய்விடும். அடியில் போன தண்ணீர் கொதித்து ஆவியானால் 1,700 மடங்கு பெருகும். பெருகுகிற வேகத்தில் மேலே இருக்கிற எரியும் எண்ணெயைத் தூக்கி வெளியே எறியும். எண்ணெய்த் தீக்கு நுரைதான் மருந்து. மேலே படர்ந்து காற்றை மறைக்க வேண்டும். பாக்கு நகரத்து எண்ணெய்க் கிணறுகளின் தீயைப் பார்த்த அலெக்சாண்டர் லோரான் என்ற ரஷ்யர்தான் தீயணைப்பு நுரையைக் கண்டுபிடித்து 1904-இல் காப்புரிமை வாங்கினார்.

தண்டையார்ப்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளும் மணலி சுத்திகரிப்பு ஆலையும் இருக்கிற வடசென்னையில் வேலை பார்த்தவனுக்கு நுரை அடிக்கிற ஃபோம் டெண்டர் அந்நியமில்லை. நான் சேர்ந்த காலத்தில் வந்தது புரோட்டீன் ஃபோம். மாட்டுக் குளம்பையும் கொம்பையும் பதப்படுத்திச் செய்கிற திரவம் அது. டிரில் முடிந்து வீட்டுக்குப் போனால் வாசலிலேயே நிறுத்தி, “மொதல்ல குளிச்சிட்டு வா” என்பார் அம்மா. பிறகு ஏ.எஃப்.எஃப்.எஃப். வந்தது. எண்ணெய்மேல் மெல்லிய படலமாகச் சீக்கிரம் படரும், நாற்றமும் இல்லை.

காலையில் ரோல்கால் முடிந்தால் டிரில். டிரில் என்றால் முக்கால்வாசி ஓஸ்தான். ஒரு ஓஸ் 15 மீட்டர் நீளம், 63 மி.மீ. விட்டம். தரையில் காலியாகக் கிடக்கும்போது ஒரு ஆள் தோளில் போட்டுக்கொண்டு ஓடலாம். தண்ணீர் ஏறிவிட்டால் அதற்குள் நிற்கிற தண்ணீர் மட்டும் ஏறக்குறைய 47 கிலோ. அதை இழுத்துக்கொண்டு மாடிப்படி வளைவது ஒருவரால் ஆகிற காரியமில்லை. ஆகவே எங்கே தண்ணீரைத் திறக்கச் சொல்வது என்பது பெரிய முடிவு. ஆள் படியேறி, வளைவில் ஓஸைத் தளர்வாக விட்டு, கதவருகே நின்ற பிறகுதான் ‘வாட்டர் ஆன்’ என்று கீழே குரல் போக வேண்டும். பம்ப் ஆபரேட்டர் அவசரப்பட்டால் மேலே இருப்பவனுக்கு நரகம்.

அன்றைக்கு எல்லாம் கான்வாஸ் ஓஸ். நனைந்ததைக் கழுவி, கோபுரத்தில் தொங்கவிட்டு உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடித்து நூல் இற்றுப்போகும். ராத்திரி முழுக்க எங்கேயோ தண்ணீர் அடித்துவிட்டு விடியற்காலை திரும்பினால், தூக்கத்துக்கு முன்னால் ஓஸ் கழுவ வேண்டும். பழைய நிலையங்களில் உயரமாக ஒரு கோபுரம் நிற்பது இதற்குத்தான். ஆர்.ஆர்.எல். என்கிற உள்ளே ரப்பர் பூசிய ஓஸ் வந்ததும் அந்த வேலை குறைந்தது. அதில் கசிவும் இல்லை, உள்சுவர் வழவழப்பாக இருப்பதால் பிரஷரும் வழியில் அவ்வளவாக விழாது.

பிரஷர் என்பது எங்களுக்குப் பணம் மாதிரி. போகிற வழியெல்லாம் செலவாகும். ஓஸின் ஒவ்வொரு நீளத்திலும் கொஞ்சம், 10 மீட்டர் உயரம் ஏறினால் ஒரு கிலோ. பம்ப் 7 கிலோ பிரஷரில் நிமிடத்துக்கு 1,800 லிட்டர் தள்ளும் என்று பித்தளைத் தகட்டில் பொறித்திருக்கும். பிராஞ்ச் முனையில் என்ன மிஞ்சியது என்பதுதான் கேள்வி.

தண்ணீரை மேலே தள்ள ஓரளவு பலம் இருந்தால் போதும். கீழேயிருந்து உறிஞ்சுவதற்குத்தான் இயற்கையே எல்லை போட்டிருக்கிறது. கணக்குப்படி 10.3 மீட்டர் ஆழத்திலிருந்து உறிஞ்சலாம். நடைமுறையில் 7 மீட்டருக்கு மேல் நம்பக்கூடாது. இதனால்தான் எந்தக் கிணற்றில் எவ்வளவு ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது என்பது எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கோயில் குளம் என்றால் எந்தப் பக்கப் படித்துறை வரை வண்டி போகும், பக்கிங்காம் கால்வாய் என்றால் எந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் சக்ஷன் ஓஸை இறக்கலாம். கால்வாயில் இறக்கினால் ஸ்ட்ரெயினரைச் சுற்றிக் கூடை கட்ட வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பை வந்து அடைத்து, பம்ப் காற்றைக் குடிக்கும். ஹைட்ரண்ட் இருக்கிறதே என்று கேட்பார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வருகிற குழாயில் ஹைட்ரண்ட் இருந்தென்ன?

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் டிரைவர் அண்ணன். அரசாங்கக் காகிதத்தில் அவர் பதவி ‘கம்மியர் ஓட்டி’. அதாவது வண்டியையும் ஓட்ட வேண்டும், ரிப்பேரும் பார்க்க வேண்டும், தீ இடத்தில் பம்பையும் இயக்க வேண்டும். அவர் என்னை ட்யூட்டியில் தெருத் தெருவாக நடத்திக் கூட்டிப்போவார். டோபோகிராஃபி என்று அதற்குப் பெயர். “தம்பி, மேப்புல தெரு இருக்கும். மேப்புல பந்தல் இருக்காது, எறக்கின சரக்கு இருக்காது. நீ நடந்து பாரு” என்பார். சௌகார்பேட்டையில் கோவிந்தப்ப நாயக்கன் தெரு, தங்கசாலைத் தெரு, அவற்றுக்கு நடுவில் புகுந்து புறப்படுகிற சந்துகள். எந்த இடத்தில் ஈ.பி. கம்பி தாழ்ந்திருக்கிறது, எந்த வளைவில் டெண்டர் திரும்பாது, எந்த வீட்டுக்குப் பின்வாசல் அடுத்த தெருவில் திறக்கிறது என்று அவருக்கு மனப்பாடம்.

கொத்தவால் சாவடி சந்தை கோயம்பேட்டுக்கு மாறிய 1996-க்கு முன்னால், அந்தப் பக்கம் ராத்திரியில் ‘கால்’, அதாவது தீ என்று அழைப்பு வந்தால் வயிற்றைக் கலக்கும். காய்கறி லாரிகள் நின்றால் தெரு அப்படியே மூடிக்கொள்ளும். வண்டியை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு ஓஸ் போட்டுக்கொண்டே ஓடுவோம். இருபது ஓஸ் இணைத்தால் 300 மீட்டர். ஆண் கப்ளிங் பம்ப் பக்கம், பெண் கப்ளிங் தீ பக்கம் என்பதை இருட்டில் விரலால் தடவியே தெரிந்துகொள்ள வேண்டும். மாற்றிப் போட்டுவிட்டால் கடைசியில் பிராஞ்ச் மாட்டாது, 300 மீட்டரும் வீண். டிரில் தினமும் நடப்பதற்கு வேறு காரணம் தேவையில்லை.

குடிசைத் தீ இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. கோடையில் ஒரு குடிசை பற்றினால், காற்று வாக்கில் இருக்கிற வரிசை முழுவதும் அரை மணியில் சாம்பலாகிவிடும். அங்கே எரிகிற குடிசைமேல் தண்ணீர் அடிக்கிறவன் புதுசு. பழையவர்கள் காற்று போகிற திசையில் முன்னால் ஓடி, இன்னும் பற்றாத குடிசைகளின் கீற்றைத் துரட்டியால் இழுத்துப் போட்டுத் தீக்கு முன்னால் வெற்றிடம் உண்டாக்குவார்கள். எரியாத வீட்டைப் பிரிக்கிறோம் என்று ஜனங்கள் அடிக்க வருவார்கள். “என் ஊட்ட ஏன்யா பிரிக்கிறே?” என்று ஒரு பாட்டி என் பெல்ட்டைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்கு விளக்கம் சொல்ல முடியாது. காற்று திரும்பாமல் இருந்து, அவர் வீட்டோடு வரிசை நின்றுபோனால் அதுதான் விளக்கம். அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகப் பெருக இந்தத் தீ குறைந்தது. அதற்கான பெருமை எந்தப் பம்புக்கும் இல்லை, கான்கிரீட் கூரைக்குத்தான்.

குடிசை போய் மாடி வந்ததும் கேஸ் சிலிண்டர் கால் கூடியது. வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ கேஸ். திரவமாக இருக்கிற ஒரு லிட்டர், வெளியே வந்தால் 250 லிட்டருக்கு மேல் விரியும். காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து கட்டிலுக்கு அடியிலும் பள்ளத்திலும் தேங்கும். வாயில் எரிந்துகொண்டிருக்கிற சிலிண்டரைப் பார்த்து நாங்கள் அவசரப்பட்டு அணைக்க மாட்டோம். வால்வை மூட வழியில்லாமல் சுடரை மட்டும் அணைத்தால், எரியாத கேஸ் அறை முழுக்க நிறைந்து ஒரு பொறிக்குக் காத்திருக்கும். முதலில் சிலிண்டர் உடம்பைத் தண்ணீரால் குளிரவைக்க வேண்டும், பிறகுதான் வால்வு. பக்கத்தில் நிற்பவர்கள், “அணைக்கத் தெரியலியா சார்?” என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

உயரம் வேறு கதை. நான் சேர்ந்தபோது மூத்தவர்கள் எல்லோருக்கும் சொல்ல ஒரே ஒரு கதைதான் இருந்தது: 1975 ஜூலை 11, மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம். 1959-இல் திறந்த 14 மாடி, 177 அடி உயரம். நகரத்தின் பெருமையாக நின்ற அந்தக் கட்டடம் எரிந்தபோது, அதன் உச்சிக்கு எட்டுகிற ஏணி சென்னையில் இல்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்த வேதனையை அவர்கள் முகத்தில் நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் கற்றது 35 அடி எக்ஸ்டென்ஷன் ஏணியும், ஜன்னல் விளிம்பில் கொக்கியை மாட்டி மாடி மாடியாக ஏறுகிற ஹூக் ஏணியும். ஹூக் ஏணியில் தொங்கிக்கொண்டு அடுத்த மாடிக்கு அதைத் தூக்கி மாட்டும்போது, கீழே பார்க்காதே என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஃபின்லாந்து நாட்டுப் பிரான்டோ ஸ்கைலிஃப்ட் வந்தது, 54 மீட்டர். அடியில் சொன்னால் 177. எல்.ஐ.சி. உயரத்துக்குச் சரியாக ஒரு கை முளைத்தது. ஆனால் அந்தக் கை நீள, வண்டி இரண்டு பக்கமும் கால் நீட்டி ஊன்ற வேண்டும். அதற்கு அகலம் வேண்டும், பாரம் தாங்குகிற தரை வேண்டும், தலைக்கு மேல் கம்பி இருக்கக்கூடாது. மழைநீர்க் கால்வாய் மூடிமேல் கால் ஊன்ற முடியாது. பெரிய வண்டி வாங்கிய பிறகு எங்கள் டோபோகிராஃபி வேலை குறையவில்லை. ஸ்கைலிஃப்ட் எங்கே நிற்கும் என்ற கேள்வியும் அதில் சேர்ந்துகொண்டது.

மூச்சுக்கு வருகிறேன். தொடக்கத்தில் புகைக்குள் போக எங்களிடம் இருந்தது பெரும்பாலும் நனைத்த துணியும் தைரியமும். நனைத்த துணி கரித்தூளைத் தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது. பி.ஏ. செட் என்கிற சுவாசக் கருவி தாராளமாக வந்த பிறகுதான் உள்ளே போய்த் தேடுவது என்பது உண்மையில் முடிகிற காரியமானது. 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தத்தில் அடைத்தால் 1,800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று வைத்தால் 45 நிமிடம் வரும். ஆனால் ஆளைத் தூக்கிக்கொண்டு படி இறங்குகிறவன் 40 லிட்டரில் நிற்க மாட்டான். அரை மணிகூடத் தாங்காது. அழுத்தம் 55 பாருக்கு இறங்கினால் விசில் அடிக்கும். விசில் அடித்தால் திரும்ப வேண்டும் என்று வெளியே சொல்வார்கள். திரும்புகிற வழி எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டு, விசிலுக்கு முன்னாலேயே திரும்பு என்றுதான் நான் பிள்ளைகளுக்குச் சொன்னேன். புகைக்குள் கண் உதவாது. கையில் இருக்கிற ஓஸ்தான் வழி. அதை விடாமல் பிடித்துக்கொண்டு போனால், அதைப் பிடித்துக்கொண்டே வெளியே வரலாம்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2017 மே 31 அன்று தி.நகரில் ஜவுளிக் கடை ஒன்று எரிந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஏழு மாடி. மேலே சிக்கியிருந்த ஊழியர்களை ஸ்கைலிஃப்ட் இறக்கியது. தீயோ ஒரு நாளைத் தாண்டியும் எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, மிச்சத்தைப் பிறகு இடித்தார்கள். முகப்பு முழுக்க மூடிய கட்டடத்தில் புகை வெளியேற வழியில்லை, தண்ணீர் உள்ளே போகவும் வழியில்லை. ஜன்னல் என்பது எங்களுக்கு அழகுப் பொருள் இல்லை. புகை போகிற வழி, ஏணி சாய்கிற இடம், ஆள் தலையை நீட்டுகிற இடம். அதை அடைத்துக் கண்ணாடி போடும்போது யாரும் தீயணைப்போரைக் கேட்பதில்லை.

பழைய கட்டடம் வேறு மாதிரி ஆபத்து. மரச் சட்டங்கள்மேல் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை, சட்டம் கருகியதும் மொத்தமாக இறங்கும். 2012 ஜனவரியில் சேப்பாக்கம் கலச மஹால் எரிந்தபோது கூரை விழுந்து எங்கள் நிலைய அலுவலர் ஒருவர் இறந்தார். அந்தத் தீயில் பிரியா ரவிச்சந்திரன் தீக்காயம்பட்டார். 2003-இல் இந்தத் துறைக்கு அதிகாரிகளாக வந்த முதல் இரண்டு பெண்களில் ஒருவர் அவர், மற்றவர் மீனாட்சி விஜயகுமார். ‘பொம்பளைங்களுக்கு இது சரிப்படுமா’ என்று எங்கள் நிலையங்களில் பேசிக்கொண்டிருந்தவர்கள் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஏப்ரல் 14 அன்று ஊர் புத்தாண்டு கொண்டாடும்போது நாங்கள் அணிவகுத்து நிற்போம். 1944-இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா டாக்கில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல் வெடித்து 66 தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். பஞ்சு மூட்டையும் வெடிமருந்தும் ஒரே கப்பலில் ஏற்றியிருந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது ஓஸைக் கையில் எடுப்பதற்கு முந்தைய வேலை என்று ஒவ்வொரு வருடமும் புதுப் பிள்ளைகளிடம் அன்றைக்குச் சொல்வேன்.

துறையின் பெயரில் ‘மீட்பு’ சேர்ந்த பிறகு வண்டியில் ரப்பர் படகும், ஹைட்ராலிக் கட்டரும், பாம்பு பிடிக்கிற கம்பும் ஏறின. 2004 சுனாமி, 2015 வெள்ளம் இரண்டிலும் ஓஸ் சுருண்டு கிடந்தது, கயிறும் படகும்தான் வேலை செய்தன. சாதாரண நாளில் விரலில் இறுகிய மோதிரம், ஜன்னல் கம்பிக்குள் தலையை விட்ட குழந்தை, கிணற்றில் விழுந்த பசு. எதையும் சின்னக் கால் என்று நான் நினைத்ததில்லை. அந்தத் தெருவுக்குப் போய்வந்தால் அந்தத் தெரு தெரிந்துவிடும். நாளைக்குத் தீ என்றால் வழி கேட்க வேண்டாம்.

இப்போது சந்துக்குள் நுழைகிற சிறிய வண்டிகளும், மோட்டார் சைக்கிளில் ஏற்றிய வாட்டர் மிஸ்ட் கருவியும் வந்திருக்கின்றன. வண்டி பெரிதாகிக்கொண்டே போன நூறு வருடத்துக்குப் பிறகு, சிறிதாக்கவும் வேண்டும் என்று புரிந்திருக்கிறது. எங்கள் டிரைவர் அண்ணன் இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ஆகவே ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் ஒரு சொல். 101-க்கோ 112-க்கோ கூப்பிட்டால், ‘சீக்கிரம் வாங்க’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதீர்கள். தெருப் பெயர், பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு அடையாளம், எத்தனையாவது மாடி, எரிவது என்ன, உள்ளே ஆள் உண்டா என்பதைச் சொல்லுங்கள். மின்சார மெயினை அணைத்துவிடுங்கள். தெருவில் நிற்கிற பைக்குகளை நாலு பேர் சேர்ந்து ஓரமாக நகர்த்துங்கள். வீட்டில் சம்ப் இருந்தாலும், எதிர் வீட்டில் கிணறு இருந்தாலும் வந்ததும் காட்டுங்கள். கைவசம் இருப்பது பத்து நிமிடத் தண்ணீர்தான் என்பது உங்களுக்கு இப்போது தெரியும். தெருமுனையில் ஒரு ஆள் நின்று கை காட்டட்டும். மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.